அமுக்கராக் குளிசையும் முருங்கையிலை வறையும்: ‘அடாப்டோஜன்’, ‘சூப்பர்ஃபூட்’ விளம்பரங்களை எப்படி வாசிப்பது?

கைபேசியைத் திறந்தால் முருங்கையிலைத் தூள், அசுவகந்தாக் குளிசை, சியா விதை, ஸ்பிருலினா என்று விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. அழுத்தத்தைத் தாங்க உதவும் என்று விற்கும் மூலிகைக்கு ‘அடாப்டோஜன்’ என்றும், சத்து மிகுந்தது என்று விற்கும் உணவுக்கு ‘சூப்பர்ஃபூட்’ என்றும் பெயர் வைக்கிறார்கள். மன அழுத்தம் குறையும், நல்ல நித்திரை வரும், சீனி வருத்தம் கட்டுப்படும், உடம்புக்குத் தெம்பு வரும் என்று ஒரே போத்தலுக்கு நாலைந்து வாக்குறுதிகள். வன்னியில் இதைப் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூட. விளம்பரத்தில் வரும் செடிகளில் சில அவர்களுடைய வேலியிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கின்றன. அப்படியென்றால் போத்தலில் வருவதும் அதேதானா? வேலியில் நிற்பதே போதுமா?

செடியின் பெயரை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஒரு நாளில் எவ்வளவு உள்ளே போகிறது, எந்த வடிவில் போகிறது, யாருடைய உடம்புக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். கறியாகச் சாப்பிடும் இலையும், அதே இலையிலிருந்து செறிவாக்கிக் குளிசையில் அடைத்த சாறும் உடம்புக்கு வெவ்வேறு பொருள்கள். ஒன்று உணவு, மற்றது ஏறக்குறைய மருந்து. விளம்பரம் இந்த எல்லையை அழித்துவிடுகிறது. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

‘அடாப்டோஜன்’ சோவியத் ஒன்றியத்தில் பிறந்த கருத்து. நிக்கொலாய் லாசரேவ் என்ற விஞ்ஞானி 1947 இல் இதை முன்வைத்தார். பிறகு இஸ்ரேல் பிரெக்மனும் டார்டிமோவும் 1969 இல் வெளியிட்ட மீளாய்வுக் கட்டுரை அதற்கு வரைவிலக்கணம் தந்தது. ஒரு மூலிகை அடாப்டோஜன் ஆவதற்கு அவர்கள் கேட்டவை:

1. வழமையான அளவில் எடுத்தால் உடம்புக்குத் தீங்கு செய்யக் கூடாது.
2. வெப்பம், குளிர், களைப்பு, நஞ்சு என்று எது தாக்கினாலும் தாங்கும் சக்தியைப் பொதுவாகக் கூட்ட வேண்டும்.
3. கூடிப்போனதைக் குறைத்தும் குறைந்துபோனதைக் கூட்டியும் உடம்பை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அவர்கள் அதிகம் ஆராய்ந்தது சைபீரிய ஜின்செங் என்ற குளிர்நாட்டுச் செடியை. அசுவகந்தாவும் துளசியும் இந்தப் பட்டியலில் பிறகு சேர்க்கப்பட்டவை. மூன்றாவது நிபந்தனையில்தான் சிக்கல். இரத்த அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டுமே மருந்தின் வெற்றி என்றால், அந்த மருந்து வேலை செய்யவில்லை என்று எந்தச் சோதனையாலும் காட்ட முடியாது. ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆவணத்தில், மருந்தியலிலோ சிகிச்சையிலோ பயன்படுத்தத் தகுந்த சொல்லாக இதை ஏற்கவில்லை. இந்த மூலிகைகளுக்கு விளைவே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றின் விளைவையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்பதுதான் பொருள்.

‘சூப்பர்ஃபூட்’ பற்றி இவ்வளவுகூடச் சொல்ல இல்லை. அதற்கு அறிவியல் வரைவிலக்கணம் கிடையாது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாழைப்பழம் விற்பதற்காகப் பரப்பப்பட்ட கருத்து அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், அங்கீகரிக்கப்பட்ட சுகாதாரக் கூற்று ஒன்று உடன் இல்லாமல் இந்தச் சொல்லைப் பொதியில் போட்டு விற்க முடியாது.

அழுத்தம் வந்தால் உடம்பு என்ன செய்கிறது?

கடன்காரன் படலையடியில் வந்து நின்றாலும் யானை வயலுக்குள் இறங்கினாலும் உடம்பு ஒரே பாதையில்தான் போகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டும். அவை கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கும். இரத்தத்தில் சீனி ஏறும், உடம்பு உசாராகும்.

கோர்ட்டிசோல் கெட்ட பொருள் இல்லை. காலையில் நாம் எழும்புவதற்கே அது வேண்டும். விடியற்காலையில் கூடி இரவில் குறைவதுதான் அதன் இயல்பு. அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்து இந்த ஏற்ற இறக்கம் குழம்பும்போதுதான் நித்திரை கெடுகிறது, களைப்பு ஒட்டிக்கொள்கிறது. அடாப்டோஜன் விளம்பரங்கள் எல்லாமே இந்தச் சங்கிலியைக் காட்டித்தான் பேசுகின்றன.

அமுக்கரா: சான்று எவ்வளவு?

விளம்பரம் அசுவகந்தா என்று சொல்வது சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் அமுக்கராக் கிழங்குதான். சித்த வைத்தியர்கள் அதைப் பாலில் அவித்துச் சுத்தி செய்து, சூரணமாக, ஆளைப் பார்த்து அளவு சொல்லிக் கொடுப்பார்கள். அளவு சொல்ல ஓர் ஆள் எதிரே இருக்கிறார் என்பதே இங்கு பெரிய பாதுகாப்பு.

இன்றைய ஆய்வுகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது இந்தியாவில் நடந்து 2012 இல் வெளியானது. 64 பேர் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினர் 300 மில்லிகிராம் வேர்ச்சாற்றை நாளுக்கு இரண்டு தடவை, 60 நாள் எடுத்தார்கள். அவர்களுடைய அழுத்தப் புள்ளிகள் குறைந்தன. கோர்ட்டிசோலும் கால்பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளும் நித்திரையிலும் பதற்றத்திலும் சிறிதளவு முன்னேற்றத்தைக் காட்டின. ஆகவே இதில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்தச் சான்றின் எல்லைகளையும் பார்க்க வேண்டும்:

1. பெரும்பாலான ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. காலம் எட்டு வாரம், மிஞ்சினால் பன்னிரண்டு வாரம். வருடக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவை விடை தராது.
2. பல ஆய்வுகளுக்குச் சாறு தயாரிக்கும் நிறுவனங்களே பணமோ பொருளோ தந்தன.
3. ஆய்வில் பயன்பட்டது செறிவாக்கிய சாறு. விதனோலைட் என்ற வேதிப்பொருள்கள் அதில் 5 சதவீதம் அளவில் இருக்கும். சாதாரண வேர்த்தூளில் அவை பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. தூளை விற்பவர் சாற்றின் ஆய்வைக் காட்டுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

பாதகமும் பதிவாகியுள்ளது. அசுவகந்தாக் குளிசை எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டுக் கண் மஞ்சளாகி உடம்பு கடித்த சம்பவங்களை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020 இல் எழுதினார்கள். பெரும்பாலானோர் நிறுத்தியதும் தேறினார்கள். தைரோய்ட் ஹோர்மோனை இது கூட்டக்கூடும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று மருத்துவ நூல்கள் நீண்டகாலமாக எச்சரிக்கின்றன. டென்மார்க் 2023 இல் இதை உணவுப் பொருளாக விற்பதைத் தடைசெய்தது.

மஞ்சளிலும் இதே கதைதான். மஞ்சளின் குணத்துக்குக் காரணம் என்று சொல்லப்படும் குர்க்குமின் என்ற பொருள் மஞ்சள் தூளில் ஏறக்குறைய 3 சதவீதம். கறிக்குப் போடும் ஒரு கிராம் மஞ்சளில் 30 மில்லிகிராம் கிடைக்கும், அதிலும் சொற்பமே இரத்தத்தில் சேரும். குளிசையில் 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் வைத்து, மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் கலக்கிறார்கள். பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சல் இருபது மடங்கு கூடும் என்று 1998 ஆய்வு ஒன்று காட்டியது. கறியில் போடும் மஞ்சள் யாரையும் ஈரல் நோயாளி ஆக்கியதாகத் தெரியவில்லை. செறிவாக்கிய மஞ்சள் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

முருங்கை: 100 கிராம் கணக்கு எப்படி ஏமாற்றுகிறது

“பாலை விட 17 மடங்கு கல்சியம், கீரையை விட 25 மடங்கு இரும்பு” என்ற வரியைப் பார்க்காதவர் குறைவு. அந்த எண்கள் முழுப் பொய்யல்ல. ஆனால் அவை 100 கிராம் காய்ந்த தூளை 100 கிராம் பாலோடும் பச்சைக் கீரையோடும் ஒப்பிட்டவை. காய்ந்த தூளில் தண்ணீர் இல்லை, அதனால் எல்லாம் செறிந்திருக்கும். ஒருவரும் ஒரு நாளில் 100 கிராம் முருங்கைத் தூள் சாப்பிட முடியாது.

கரண்டிக் கணக்குக்கு வருவோம்.

1. காய்ந்த தூள் 100 கிராமில் சுமார் 2,000 மில்லிகிராம் கல்சியம் இருக்கலாம். விளம்பரம் சொல்லும் ஒரு கரண்டி 5 கிராம் என்றால் கிடைப்பது 100 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 1,000. ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலீற்றர் பாலில் 240 அளவில் உண்டு.
2. பச்சை இலை 100 கிராமில் கல்சியம் 185 மில்லிகிராம், இரும்பு 4 மில்லிகிராம், வைட்டமின் சி 52 மில்லிகிராம். இவை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தரவுகள். ஒருவருக்கு 50 கிராம் இலையில் வறை செய்தால் 90 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் கிடைக்கும்.
3. ஆக, ஒரு கரண்டித் தூளும் ஒரு பங்கு வறையும் கல்சியத்தில் ஏறக்குறைய சமம். வறையில் கூடுதலாக வைட்டமின் ஏ உண்டு. அதில் போடும் தேங்காய்ப்பூவின் கொழுப்பு அந்த வைட்டமினை உடம்பில் சேர்க்கிறது. தூள் செய்யும்போது வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும். வெயிலில் காயவைத்தால் வைட்டமின் ஏயும் குறையும்.

தோடம்பழத்தை விட ஏழு மடங்கு வைட்டமின் சி என்பதும் இந்தத் தரவோடு ஒத்துவரவில்லை. தோடம்பழத்திலும் 100 கிராமுக்கு 53 மில்லிகிராம்தான், பச்சை முருங்கையிலைக்கு ஏறக்குறைய சமம். வைட்டமின் சி வேண்டுமென்றால் வளவில் நிற்கும் கொய்யாவைப் பிடுங்கலாம். அதில் 100 கிராமுக்கு 228.

முருங்கையின் உண்மையான பெருமை வேறு. வைகாசி தொடங்கி ஆவணி வரை வன்னி காய்ந்து, வளவுகளில் கீரைப்பாத்தி எல்லாம் கருகும்போதும் முருங்கை பச்சையாக நிற்கும். மரக்கறி விலை ஏறும் மாதங்களில், தண்ணீர் ஊற்றாத மரத்திலிருந்து இலை கிடைக்கிறது. எந்த மடங்குக் கணக்கையும் விட இது பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

குரக்கன், எள்ளு, அப்புறம் தேத்தண்ணி

சேனைப் பயிராக நம்மவர்கள் விதைத்த குரக்கன் இப்போது சிறுதானியம் என்ற பெயரில் பொலித்தீன் பையில் வருகிறது. 100 கிராம் குரக்கனில் 344 மில்லிகிராம் கல்சியம் உண்டு, அரிசியை விடப் பல மடங்கு. ஆனால் நீரிழிவுக்காரர் குரக்கனை எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை தவறு. அதிலும் மாப்பொருள் 100 கிராமுக்கு 72 கிராம் அளவில் இருக்கிறது, அரிசியில் 78. நார் இருப்பதால் சீனி ஏறும் வேகம் குறையலாம். மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அந்த நன்மையும் பெரும்பாலும் போய்விடும். பிட்டாகவோ ரொட்டியாகவோ அளவோடு, கீரையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடுவது நல்லது.

எள்ளிலும் தோலோடு 100 கிராமுக்கு 975 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அந்தத் தோலில் உள்ள ஒக்சலேற் என்ற பொருள் கல்சியத்தின் பெரும்பங்கைக் கட்டிவைப்பதால் அவ்வளவும் உடம்புக்குக் கிடைக்காது. எழுதியிருக்கும் எண்ணுக்கும் உடம்பில் சேரும் எண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளி எல்லாச் செடி உணவுக்கும் பொருந்தும். இரும்புச் சத்தில்தான் இது மிக முக்கியம்:

1. கீரை, பருப்பு, குரக்கனில் உள்ள இரும்பு இறைச்சி, மீனில் உள்ள இரும்பைப் போல இலகுவாக உறிஞ்சப்படாது.
2. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், அந்த உணவின் இரும்பில் சேரக்கூடியதில் பாதிக்கும் மேல் வீணாகும். தேயிலையின் தனின் அதைப் பிடித்துவைக்கிறது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் பாதிப்பு நன்றாகக் குறையும்.
3. வைட்டமின் சி அதே இரும்பை உறிஞ்ச உதவும். வறையை இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிவது இதற்குப் போதும்.

விடியற்காலையில் வயலுக்கோ தோட்டத்துக்கோ போய், ரொட்டியும் பிளேன்ரீயும் ஒன்றாகச் சாப்பிடும் பெண்களுக்கு, எந்தத் தூளையும் வாங்குமுன் செய்யக்கூடிய, காசே செலவில்லாத மாற்றம் அந்த ஒரு மணித்தியால இடைவெளிதான்.

வல்லாரையும் காட்டுப் பழமும்

வல்லாரையில் உள்ள ஏசியாற்றிகோசைட் போன்ற பொருள்கள் காயம் ஆறுவதற்கு உதவுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஞாபகசக்தியைக் கூட்டும் என்ற புகழுக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. சம்பலாகச் சாப்பிட நல்ல இலை. ஆனால் அது சேற்றிலுள்ள ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் செடி. பச்சையாகவும் சாப்பிடுகிறோம். அதனால் வீதிக் கானிலும், களைநாசினி அடித்த வயலின் வாய்க்காலிலும் பிடுங்கியதைத் தவிர்த்து, கிணற்றடியில் வளர்த்ததை நன்றாக அலசி எடுக்க வேண்டும்.

பாலைப்பழம், வீரப்பழம், நாவல், விளாம்பழம் எல்லாம் பருவத்துக்குப் பருவம் உணவை மாற்றித் தருபவை. ஏ9 வீதியோரத்தில் விற்கும் பாலைப்பழம் சூப்பர்ஃபூட் என்று பெயர் வாங்கினால் சந்தை பெருகும் என்று சிலர் விரும்பலாம். எனக்கு அதில் பயம்தான் அதிகம். பாலை மிக மெதுவாக வளரும் மரம். பழத்துக்காகக் கொப்பை வெட்டி வீழ்த்தும் பழக்கம் இப்போதே இருக்கிறது, கரடியும் பறவையும் அதே பழத்தை நம்பித்தான் வாழ்கின்றன.

தேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு சுத்தமான காட்டுத் தேனானாலும் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் சீனிதான். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு துளிகூடத் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

1. சிறுநீரக நோயாளிகள். 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் காமரங்காயைத் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் விக்கல், மயக்கம், வலிப்பு, மரணம்வரை போகும். பிலிங்காய்ச் சாறும் ஒக்சலேற்றால் சிறுநீரகத்தை அடைக்கும். ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி ஆகிய செடிகளில் உள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும் உறுதியானது.
2. நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள். பாவற்காய்ச் சாறு, குறிஞ்சா, வெந்தயத் தூள் என்று ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கறியில் வரும் பாவற்காய் பிரச்சினை இல்லை.
3. இரத்தம் உறையாமல் வார்ஃபரின் எடுப்பவர்கள். முருங்கை போன்ற பச்சை இலைகளில் வைட்டமின் கே அதிகம். கீரையை நிறுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரே அளவில் சாப்பிட வேண்டும், திடீரென்று தூளைத் தொடங்கக் கூடாது.
4. தைரோய்ட் குளிசை எடுப்பவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும். அமுக்கராக் குளிசையைத் தாமாகத் தொடங்கக் கூடாது.
5. கர்ப்பிணிகள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையின் இடத்தை எந்தத் தூளும் நிரப்பாது. 1973 முதல் வழங்கப்பட்டுவரும் சத்துமாவான திரிபோஷாவும் வெறும் சோளம், சோயா, பால்மா, வைட்டமின்களின் கலவைதான். ஆனால் அளவு கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது.

நித்திரை வராததற்குக் காரணம் வேறாக இருந்தால்

வன்னியில் அழுத்தம் என்ற சொல்லுக்கு விளம்பரம் நினைப்பதை விட அதிக கனம் உண்டு. 2009 போரில் உறவுகளை இழந்தவர்களை, காணாமல்போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களை, நுண்கடன் வட்டியில் மாட்டியவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வுகளில் அமுக்கரா சோதிக்கப்பட்டது பெரும்பாலும் அன்றாட அழுத்தம் உள்ளவர்களிடம். கெட்ட கனவில் திடுக்கிட்டு எழும்புபவர், வாழ்வதில் பிடிப்பு இழந்தவர் குளிசையை நம்பி மாதங்களைக் கடத்துவது ஆபத்து. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. ஒரு வேளைக்கு எத்தனை கிராம், அதில் எவ்வளவு சத்து என்று லேபலில் இருக்கிறதா? 100 கிராமுக்கான எண் மட்டும் இருந்தால் நீங்களே கரண்டிக் கணக்குக்கு வகுத்துப் பாருங்கள்.
2. தூளா, சாறா? சாறு என்றால் எத்தனை சதவீதம் செறிவு?
3. நோயைக் குணப்படுத்தும் என்று எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் அது உணவு அல்ல, மருந்து. ஆயுர்வேதத் திணைக்களத்திலோ தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிலோ பதிவு இருக்க வேண்டும். பதிவிலக்கத்தைக் கேளுங்கள்.
4. வீட்டில் திரித்து விற்கும் தூள் என்றால் இலையை எங்கே பறித்தார்கள், நிழலில் காயவைத்தார்களா, எப்போது திரித்தார்கள் என்று கேட்கலாம். நேர்மையாகச் செய்பவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அப்படிச் செய்யும் பெண்கள் குழுக்களிடம் வாங்குவதில் ஊருக்கும் வருமானம்.
5. ஏற்கெனவே மருந்து எடுப்பவர் என்றால், போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியரிடம் போகும்போது ஆங்கில மருந்துக் குளிசைகளின் பெயரையும் கொண்டுபோங்கள்.
6. பொய்யான லேபல் போடுவது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். சந்தேகம் வந்தால் பொதியையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் நிறமாவது, உடம்பு முழுக்கக் கடிப்பது போன்றவை தெரிந்தால் முதலில் குளிசையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே போத்தலோடு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.